பானெட்: சொல்லும் பொருளும்

பானெட் என்றால் நம்மில் பலருக்குக் காரின் முன்மூடிதான் நினைவுக்கு வரும். அது பிற்காலப் பொருள். பழைய பிரெஞ்சு மொழியில் ஒரு வகைத் துணிக்கு வழங்கிய பெயர், அத்துணியால் ஆன தலையணிக்கும் ஆகி, பின்னர் ஆங்கிலத்துக்குள் வந்தது. இங்கிலாந்தில் அது நாளடைவில் பெண்கள் மோவாயின் கீழ் நாடா கட்டி அணிவதைக் குறிக்கலாயிற்று. ஸ்காட்லாந்திலோ, ஆண்கள் அணியும், விளிம்பு நீட்டம் இல்லாத, தட்டையான வட்டக் கம்பளிக் குல்லாய்க்கே அப்பெயர் நிலைத்தது. அவுரி போன்ற சாயங்களால் நீலம் ஏற்றப்பட்டதால் அது 'நீல பானெட்' எனவும் பெயர் பெற்றது. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில், ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணையேற்றப் போராடிய யாக்கோபியர் அதன்மீது வெள்ளை நாடாப் பூவைச் செருகிக்கொண்டனர். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1791இல் வெளியிட்ட கவிதையின் நாயகன் டாம் ஓ ஷாண்டர், புயலில் தன் நீல பானெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு குதிரையில் விரைகிறான். இவ்வகைக் குல்லாய்க்குப் பின்னாளில் அவன் பெயரே வழங்கலாயிற்று.

ஸ்காட்லாந்தில் ஏர்ஷயர் பகுதியின் கில்மார்னக், ஸ்டூவர்ட்டன் ஆகிய ஊர்கள் இக்குல்லாய் பின்னும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஸ்டூவர்ட்டனுக்கு 'பானெட் ஊர்' என்றே பட்டப்பெயர் உண்டு. இருமுனையும் கூரான சில ஊசிகளில் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, வட்டமாக ஏற்றித் தையலே இல்லாமல் பின்னுவார்கள். அகலம் வேண்டிய இடத்தில் கண்ணிகளைக் கூட்டி, உச்சியை நோக்கிக் குறைத்துக்கொண்டே வந்து முடிப்பார்கள். அப்போது அது தலைக்குப் பொருந்தாத அளவுக்குத் தொளதொளவென்று பெரிதாக இருக்கும். அதை நீரில் நனைத்துத் துவைத்து மிதிக்கும்போது கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கி, கண்ணிகளே தெரியாத கெட்டித் துணியாக மாறும். மழைத்தூறல் எளிதில் உள்ளிறங்காததற்கு இந்தக் கெட்டிப்பாடே காரணம். உச்சியில் வைக்கும் நூற்குஞ்சத்துக்கு ஸ்காட்லாந்தில் 'டூரி' என்று பெயர்.

தமிழில் இதைத் தொப்பி என்பதில் பிழையில்லை. ஆனால் தொப்பி எனும்போது வெயில் மறைக்கும் விளிம்புடையதும் அடங்கிவிடுகிறது. பாரசீகத்தின் 'குலாஹ்' வழிவந்த குல்லாய் என்னும் சொல்லோ விளிம்பற்றதையே குறிப்பதால் இங்கு நன்கு பொருந்துகிறது. நெய்த குல்லாய் என்று எழுதுவதுதான் தவறு. நெசவுக்கு நீளவாக்கில் பாவு நூலும் குறுக்கே ஊடு நூலும் வேண்டும், இதுவோ ஒரே நூலைக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துப் பின்னுவது. ஆகவே பொதுவாகப் பின்னல் குல்லாய் என்றும், ஊசிகொண்டு கையால் பின்னியதை மட்டும் கைப்பின்னல் குல்லாய் என்றும் எழுதலாம்.

வாங்குவோருக்கும் இந்த வேறுபாடு பயன்படும். கைவினைப் பொருள் என்னும் அடைமொழி, கையால் இயக்கும் பின்னல் இயந்திரத்தில் செய்ததற்கும், துணியை வெட்டித் தைத்ததற்கும்கூடப் பொருந்திவிடும் என்பதால், கையால் பின்னியதா என்றே விற்பவரிடம் கேட்க வேண்டும். குல்லாயின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும் நல்லது: துண்டுகளை இணைத்த தையல் தென்பட்டால், அது வட்டமாகப் பின்னப்பட்டதன்று.