டி டிரைவ் பக்கத்து வீடு இல்லை

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மூன்று கடைக்காரர்களும் போனில் சொன்னது ஒன்றேதான்: "கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குது தம்பி. பயமில்ல, டி-யில பேக்கப் இருக்கு." பேக்கப் என்றால், கணினி கெட்டாலும் கணக்கு போகாமலிருக்க எடுத்து வைக்கும் நகல்.

காரைக்குடியில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதுவது வேலையில் கால்வாசி. மீதி, ஆயுத பூஜைக்கு யுஎஸ்பி ஓட்டையில் பூசிய சந்தனத்தைக் குச்சியால் சுரண்டி எடுப்பது, யுபிஎஸ்ஸைப் பிடுங்கிவிட்டு அதில் மிக்ஸியைச் சொருகியது யார் என்று விசாரிப்பது.

மூன்றாவது ஆள் பலகாரக் கடை ஆச்சி. தை முகூர்த்தங்களுக்கு வந்த ஆர்டர் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள். நான் போனபோது உள்ளேயிருந்து டக், டக், டக் என்று சத்தம். அதைக் கேட்டால் எங்கள் ஆட்கள் துக்க வீட்டுக்கு வந்ததுபோல் பேசாமல் உட்கார்ந்துவிடுவோம். கணக்கெல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க் முடிந்தது.

"டி-யில இருக்குல்ல?" என்றார் ஆச்சி.

இதைத் தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். திரையில் சி, டி என்று இரண்டு தெரிவதால் உள்ளே இரண்டு டிஸ்க் இருப்பதாக நினைக்கிறீர்கள். பெரும்பாலான கடைக் கணினியில் இருப்பது ஒன்று. அதற்குள் கோடு கிழித்துப் பிரித்து இரண்டு பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நம் ஊர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீண்டாலும் வீடு ஒன்றுதானே? முகப்பில் இருந்த நகையை இரண்டாங்கட்டில் வைத்துவிட்டு, "வேறு வீட்டில் இருக்கிறது" என்று சொல்வீர்களா? டெஸ்க்டாப்பில் 'கணக்கு புதுசு', 'கணக்கு புதுசு ஒரிஜினல்', 'அழிக்காதே' என்று மூன்று ஃபோல்டர் வைப்பதும் இதே கதைதான்.

நம் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருப்பதுதான் எரிச்சல். நம் தாத்தாமார் பர்மாவில், ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்திலேயே, அங்கிருந்த ஏஜென்ட் ஐந்தொகை, அதாவது கடையின் கணக்குச் சுருக்கம், எழுதி ஊரிலிருந்த முதலாளிக்குக் கப்பலில் அனுப்பினார். கணக்கின் ஒரு நகல் கடலுக்கு இந்தப் பக்கம். 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது அதுவரை ஊருக்கு வந்து சேர்ந்த கணக்கு ஊரில்தான் இருந்தது. பேரனுக்கோ டி டிரைவ்.

என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கடைக்குத் தினமும் இரவு 10 மணிக்குத் தானாக பேக்கப் எடுக்கும்படி எழுதி வைத்தேன். ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டு மாதம் ஒரு நாள்கூட ஓடவில்லை. இன்னொரு இடத்தில் ஓடியது, ஆனால் பென் டிரைவில் இடமில்லாமல் உள்ளே ஒன்றுமில்லாத காலிக் கோப்புகளாக விழுந்தன. 'பேக்கப் வெற்றி' என்று மட்டும் திரையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்த வரியை எழுதியவன் நான்தான்.

பெரிய இடத்திலும் இப்படித்தான். 2017 ஜனவரி 31 அன்று சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே, அதாவது தகவல் கிடங்கையே, அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. பேக்கப் தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது.

சரி, செய்ய வேண்டியது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். எடுத்து முடித்ததும் கழற்றுங்கள். சொருகியே வைத்தால் வைரஸ் வந்து கணினியைப் பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டும். அதைக் கடையில் வைக்காதீர்கள். கூகுள் டிரைவில் போட்டால் நல்லதுதான், ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்படி இணைத்து வைத்திருந்தால் அது பேக்கப் ஆகாது. மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து பாருங்கள், ஒரு பழைய பில்லாவது வருகிறதா என்று. ஜிஎஸ்டி கணக்கை 72 மாதம் வைத்திருக்க வேண்டும், டிஸ்க் செத்தது என்று அதிகாரியிடம் அழ முடியாது. அப்புறம், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பையன் பாட்டு ஏற்றும் பென் டிரைவில் கணக்கை வைக்காதீர்கள்.

ஆச்சியின் ஆர்டர்கள்? வீட்டுக்கு ஆளனுப்பி ஒரு நீள நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

"தெனமும் ராத்திரி எழுதிருவேன் தம்பி. ஒங்க பெட்டி மேல எனக்கு என்னமோ நம்பிக்கையில்ல."

இரண்டு நாள் உட்கார்ந்து தட்டினேன். ஒரு பக்கத்தில் எண்ணெய் பட்டு, அதிரசம் 101-ஆ 107-ஆ என்று தெரியவில்லை. ஆச்சி அந்த வீட்டுக்கே போன் போட்டார். 101.