பம்பரத்தில் இரண்டு ‘ப’

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘பம்பரம்’ என்பதில் முதல் ப ஒரு மாதிரியும் அடுத்த ப வேறு மாதிரியும் கேட்கிறதே, எழுத்து மட்டும் ஏன் ஒன்று?

நல்ல காது அந்தக் குழந்தைக்கு. இந்தியில் ப வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழுக்கு ஒன்றே போதும், ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை இடமே சொல்லிவிடுகிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை: கல், பக்கம். மெல்லினத்துக்குப் பிறகு அதிர்வோசை: தங்கம். இரண்டு உயிருக்கு நடுவே தளர்ந்துவிடும்: பகல். (ச கொஞ்சம் அடங்காத பிள்ளை, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.) கால்டுவெல் 1856-இலேயே இதை ஒரு விதியாக விவரித்துவிட்டார்.

சரி, விதி எங்கிருந்து வந்தது? தொண்டை போட்டுக்கொண்டது. குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்து ‘தங்கம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். ங் வரும்போதே குரல்நாண்கள் கிர்ரென்று அதிர்கின்றன. க-வுக்காக நிறுத்தி, அடுத்த நொடியே அ-வுக்காக மறுபடி தொடங்குவானேன் என்று அப்படியே அதிர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது ‘பக்கம்’. நடுவில் அதிர்வு அறுந்துபோவது விரலுக்கே தெரியும். நாண்கள் அதிர, அவற்றின் ஊடாகக் காற்று மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். க்க சொல்லும்போது நாக்கின் பின்பகுதி அண்ணத்தை அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்குப் பின்னால் இருப்பதோ துளி இடம். அது சட்டென்று நிரம்பி, நாண்களுக்கு மேலும் கீழும் காற்றழுத்தம் சமமாகிவிடும். ஓட்டம் நின்றால் அதிர்வும் நின்றது. ப-வுக்கு இந்த நெருக்கடி குறைவு. கன்னம் உப்ப இடம் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் பம்பரத்தின் இரண்டாவது ப உண்டு, தங்கத்தின் க கிடையாது. காரணம் இந்த இடப்பற்றாக்குறைதான் என்பது ஒலியியலாளர் பலரின் விளக்கம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கமும் அதுதான்.

கடன் சொற்கள் வந்ததும் ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. ‘பஸ்’ இரண்டாவது ப-வோடு தொடங்குகிறது. எழுத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நமக்குப் பழக்கம் உதவும், கணினிக்கு? என் போனில் கட்டுரையை வாசித்துக் காட்டும் குரல், நடனக் கலைஞரின் முகத்தில் ததும்பிய பாவத்தை, புண்ணியத்துக்கு எதிரான பாவமாகவே வாசித்தது. மொழிக்காக அலங்கார வளைவு கட்டும் பணத்தில் கொஞ்சம் ஒலியியல் ஆய்வுக்கூடங்களுக்கும் போகலாம் என்பேன். அதுவரை அந்தக் கலைஞர், பாவம்.