ஒரே செல், மூன்று சென்டிமீட்டர்

பருத்திக்கொட்டையிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அவ்வளவும் ஒரே ஒரு செல். விதைத்தோலின் மேற்பரப்பில் இருந்த செல்தான், பூ விரிகிற நாளில் துருத்திக்கொண்டு நீளத் தொடங்குகிறது.

சர்க்கரையும் பொட்டாசியமும் உள்ளே சேர, தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. இளகிய செல்சுவர் இழுபட்டு நீள்கிறது. பக்கத்துச் செல்களோடு இணைக்கும் நுண்துளைகள் திறந்திருந்தால் அழுத்தம் கசிந்துவிடுமே? அதனால் சில நாட்கள் அவை அடைபடுகின்றன. எத்தனை நாள் என்பதில்தான் மரபணு புகுந்து விளையாடுகிறது. உலகப் பருத்தியில் சுமார் 90 சதவீதத்தைத் தரும் ஹிர்சூட்டம் இனத்தில் அந்த அடைப்பு சீக்கிரம் திறந்துவிடும். பிமா பருத்தியின் இனமான பார்படென்ஸில் கூடுதல் நாட்கள் நீடிக்கும். அதன் இழை 35 மில்லிமீட்டரைத் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாறாக, லிகான் லிண்ட்லெஸ்-1 என்ற பருத்திச் செடியில், செல்லின் உள்சட்டகமாக இருக்கும் ஆக்டின் புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இழை சுமார் 6 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. அதை வைத்து நூல் நூற்க முடியாது.

சரி, நீளம் மட்டும் போதுமா? மூன்றாவது வாரவாக்கில் செல் உள்பக்கமாகச் செல்லுலோஸை அடுக்கடுக்காகப் பூசிக்கொள்கிறது. காய் வெடித்ததும் செல் காய்ந்து, தட்டையாகி, நாடாபோல் முறுக்கிக்கொள்கிறது. இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள இந்த இயற்கை முறுக்கு உதவுகிறது. பூச்சு போதாத இழை சுருண்டு சிக்குண்டு, நெப் எனப்படும் சிறு முடிச்சாகிவிடும். சாயமும் சரியாக ஏறாமல் துணியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

இதை அளக்கத்தான் ஆலைகள் மைக்ரோனேர் பார்க்கின்றன. பஞ்சுக்குள் காற்றைச் செலுத்தும் சோதனை, 3.5 முதல் 4.9 வரை இருந்தால் நல்லது. ஆனால் இந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது. நன்கு முதிர்ந்த மெல்லிழையும் முதிராத தடித்த இழையும் ஒரே அளவைக் காட்டக்கூடும்.

பஞ்சு நூலில் பசை எதுவும் கிடையாது. முறுக்கும் உராய்வும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. இழை மெல்லியதானால் அதே தடிமனுக்குள் அதிக இழைகள் அடங்கும், நீளமானால் பிடிப்பு கூடும். உயர் கவுண்ட் நூலுக்கு, அதாவது மெல்லிய நூலுக்கு, இரண்டும் வேண்டும். குட்டை இழைகளோ பிசிறாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பார்படென்ஸையும் ஹிர்சூட்டத்தையும் இனக்கலப்பு செய்துவிட்டால் ஆச்சு என்று தோன்றும். முதல் தலைமுறை அருமையாக இருக்கும். அடுத்தடுத்த தலைமுறைகளில் செடிகள் நலிந்துபோகும். அதோடு, விளைச்சலைக் கூட்டும் மரபணுப் பகுதிகள் பல நேரம் இழைத் தரத்தைக் குறைப்பவற்றோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன.

இன்னொரு வேடிக்கை: இவ்விரு இனங்கள் ஒவ்வொன்றிலும் உள்ள 52 குரோமோசோம்களில் பாதி, நூற்கத்தக்க பஞ்சே இல்லாத ஒரு மூதாதையிடமிருந்து வந்தவை. இழைத் தரத்தைத் தீர்மானிக்கும் பகுதிகள் பல அந்தப் பாதியில்தான் இருக்கின்றன.