பெயிண்ட் அடிக்கும் முன் பீரங்கியைப் படியுங்கள்

பழைய உலோகப் பொருள்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் தொழில். போன வருஷம் ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். கொடிக்கம்பத்தை ஒட்டி ஒரு இரும்புப் பீரங்கி. 'திப்பு சுல்தானிடம் கைப்பற்றியது, 6-1-1810' என்று பலகை. திப்பு 1799-லேயே இறந்துவிட்டாரே என்றேன். "தேதி பீரங்கியிலயே இருக்குதுங்க சார்" என்றார் தலைமையாசிரியர்.

முதலில் குழாய்க்குள் மூங்கில் குச்சி விட்டு ஆழம் பார்த்தேன். திரி வைக்கும் துளைக்கு ஒரு சாண் முன்பே குச்சி நின்றுவிட்டது. இப்படி நின்றால் வேலையை நிறுத்திவிட்டு போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் சென்ட்ரல் பார்க் பீரங்கி ஒன்றில் 2013-ல் வெடிமருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. இங்கே வெடிகுண்டு நிபுணர்கள் வந்து எடுத்தது புளியங்கொட்டையும் ஐஸ் குச்சியும்தான். பரவாயில்லை.

அப்புறம்தான் பெயிண்ட். சுதந்திர தினம்தோறும் பூசிய வெள்ளிப் பெயிண்ட் தோல் தோலாக ஏறியிருந்தது. ரிமூவர் தடவி மரச் சுரண்டியால் உரித்தால் 6-1-10 தெரிந்தது. தேதி இல்லை, எடை. பழைய பிரிட்டிஷ் பீரங்கிகளில் முதல் எண் 112 பவுண்டுக் கணக்கு, அடுத்தது 28 பவுண்டு, கடைசி சில்லறைப் பவுண்டு. கூட்டினால் 710 பவுண்டு, 322 கிலோ. கிரேன் தராசு 317 காட்டியது. மீதியைத் துரு தின்றிருக்கும்.

இதே இடத்தில் கிரைண்டர் வைத்துப் பளபளப்பாக்கியிருந்தால் அந்த மூன்று எண்ணும் போயிருக்கும். வேறொரு ஊரில் அப்படித்தான் போனது. பம்ப் வாங்கினால்கூட முதலில் பேர்ப்பலகையைத் தேடுகிற ஊர்க்காரர்கள் நாம்!

பிரிட்டிஷ் வார்ப்பு என்றால் பலகை பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படை தோற்றபோது கம்பெனிப் பீரங்கிகள் திப்புவின் அப்பா ஹைதர் அலி கைக்குப் போயின. கோவைக் கோட்டையே 1791 நவம்பரில் கம்பெனியிடமிருந்து திப்பு படைக்கு விழுந்தது. பிடித்ததும் பறிகொடுத்ததுமாகக் கைமாறிய பீரங்கிகள் கொங்கில் உருண்டிருக்கின்றன. எண் சொல்வது எந்த வழக்கப்படி வார்த்தார்கள் என்பதை. யாரிடம் யார் பிடித்தார்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மதராஸ் ராணுவத் துறைக் கட்டுகளைப் புரட்ட வேண்டும்.

அதுவரை பலகையில் 'பிரிட்டிஷ் எடைக்குறி உள்ள இரும்புப் பீரங்கி' என்று மட்டும் எழுதலாம் என்றேன். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பீரங்கியையே பார்த்தார். "தேதிய எடுத்துரலாங்க. திப்பு மட்டும் இருக்கட்டுமுங்களே, சார்?"