மேசை நடுவே அடுப்பு: இரண்டு மில்லிமீட்டர் இறைச்சியின் இயற்பியல்

காசு கொடுத்துச் சாப்பிடப் போன இடத்தில் பச்சை இறைச்சியைக் கொண்டுவந்து வைத்து, கையில் இடுக்கியையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள் என்றால் நம்மில் பலருக்குக் கோபம்கூட வரலாம். தென்கொரியத் தலைநகர் சோலின் மாப்போ பகுதியில் பொழுது சாய்ந்தால் கடைக்குக் கடை இதுதான் நடக்கிறது. வேலை முடிந்து நாலைந்து பேராக வருகிறார்கள். நடுவில் குழி வைத்த மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். கனல் வந்து இறங்குகிறது, மேலே கம்பித்தட்டு ஏறுகிறது, பேச்சு ஆரம்பமாகிறது. தனியாகப் போனால் பல கடைகளில் மரியாதை கிடையாது. குறைந்தது இரண்டு பேருக்கான இறைச்சி வாங்கியே ஆக வேண்டும்.

சேர்ந்து சுட்டுச் சாப்பிட்டால் நட்பு வளரும் என்பார்கள். வளரட்டும். ஆனால் அடுப்பு சமையலறையில் இல்லாமல் மேசையில் இருப்பதற்கு இயற்பியலும் ஒரு காரணம் வைத்திருக்கிறது: இறைச்சி மெல்லியது.

சாதோல்பாகி என்று ஒரு வகை. மாட்டின் நெஞ்சுப்பகுதி இறைச்சியை, அரைகுறையாக உறைந்த நிலையில் இயந்திரத்தில் கொடுத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவியிருப்பார்கள். ஒரு பொருளுக்குள் வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் துண்டுக்கு இரு பக்கமும் சூடு பட்டால், நடுப்பகுதிவரை வெப்பம் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். இரண்டு மில்லிமீட்டர் சீவலுக்கு ஏழெட்டு நொடி போதும். ஒருவர் சோஜூ என்ற கொரிய மதுவை ஊற்றி முடிப்பதற்குள் இறைச்சி வெந்துவிடும்.

அதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். சீக்கிரம் சூடானது சீக்கிரம் ஆறும். மாட்டுக் கொழுப்பு சுமார் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் நன்றாக இளகும். நம் உடம்பின் சூடே அதற்குக் கீழ்தான். சமையலறையில் சுட்டு, தட்டில் அடுக்கி, பரிமாறுபவர் கொண்டுவருவதற்குள் அந்தச் சீவல் ஆறிப்போய், கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். அடுப்புக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கலாம். அதனால்தான் அடுப்பு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெந்தால் மட்டும் போதாது, சிவக்கவும் வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் 1912இல் விவரித்த வினை இது. அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் பழுப்பு நிறத்தையும் தருகின்றன. சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் இது வேகம் பிடிக்கும். இடையில் தடையாக நிற்பது தண்ணீர். இறைச்சியின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு கிராம் தண்ணீரை அறைச்சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் ஆற்றலைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு வேண்டும், அதையே ஆவியாக்க. இறைச்சி போட்டதும் கேட்கும் சொய்ங் என்ற சத்தம், அந்த ஆற்றல் செலவாகும் சத்தம்தான். பசி பொறுக்காத நண்பர் தட்டு முழுக்க இறைச்சியைப் பரப்பிவிட்டால் தட்டின் சூடு விழுந்துவிடும், வெளியேறும் சாறு ஆவியாகாமல் தேங்கும். பிறகு கிடைப்பது சாம்பல் நிறத்தில் அவிந்த இறைச்சி. அந்த நண்பரிடமிருந்து இடுக்கியை வாங்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மெல்லிய சீவலுக்கு இங்கே ஒரு நெருக்கடி. உள்ளே வேக நொடிகள் போதும், வெளியே காய்ந்து சிவக்க அதைவிட நேரம் வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் முடிய வேண்டுமானால் சூடு மூர்க்கமாக இருக்க வேண்டும். கரியின் இடம் இதுதான். கனன்று சிவந்த கரி பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்வீச்சாகவே வெப்பத்தைத் தருகிறது. கதிர்வீச்சின் அளவு, கெல்வின் கணக்கில் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். கனல் 500 டிகிரியிலிருந்து 700 டிகிரிக்குப் போனால், பாயும் வெப்பம் இரண்டரை மடங்காகிவிடும். கரியின் மணம் இறைச்சியில் இறங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். நன்றாகப் பற்றிய கரிக்குப் பெரிதாக மணம் கிடையாது. நாம் ரசிக்கும் புகைமணம், கொழுப்பு சொட்டிக் கனலில் விழுந்து சிதைவதால் வருவது. அதே சிதைவில்தான் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் பிறக்கின்றன. கருகிய ஓரங்களைக் கத்தரித்து ஒதுக்குவது வெறும் அழகுக்காக அல்ல.

பன்றியின் வயிற்றுப்பகுதியான சாம்க்யோப்சல் வேறு வழியில் போகிறது. இது தடிமனானது, கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காக இருக்கும். பெரும்பாலும் சற்றே சாய்ந்த இரும்புத் தட்டில் சுடுவார்கள். உருகும் கொழுப்பிலேயே இறைச்சி பொரியும்; மிச்சம் சரிவில் வழிந்து, கீழ் ஓரத்தில் வைத்த கிம்ச்சியையும் (மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த காய்கறி) பூண்டையும் வதக்கிவிட்டுத் துளை வழியாக இறங்கும். கிம்ச்சியின் காரமான கேப்சைசின் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால், அந்த ஓரத்து எண்ணெய்க்கே தனி ருசி. கத்தரிக்கோல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நீளத் துண்டாகவே போட்டு, இரு பக்கமும் சிவந்த பிறகுதான் வெட்டுகிறார்கள். முதலிலேயே பொடிப்பொடியாக வெட்டியிருந்தால் வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் சாறு கசிந்து அவிந்துபோகும். பிறகு வெட்டும்போது புதிதாக வெளிப்படும் பக்கங்களும் கொழுப்பில் உருண்டு சிவக்கின்றன. எளிய கருவி, சரியான நேரம்.

ஊறவைத்த கல்பி, அதாவது விலா இறைச்சி, பிற்பாடுதான் வரும். சோயா சாறு, பூண்டு, நல்லெண்ணெய், சர்க்கரையோடு கொரியப் பேரிக்காயை அரைத்துச் சேர்ப்பார்கள். பேரியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. நம் ஊரில் ஆட்டுக்கறிக்குப் பச்சைப் பப்பாளி தடவுகிறோமே, அதே வேலை. பப்பாளியின் பாப்பைனோடு பார்த்தால் பேரி சாதுதான். சில வீடுகளில் கிவிப்பழம் போடுவார்கள். அது முரடு, அதிக நேரம் ஊறினால் இறைச்சி களியாகிவிடும். பேரி தரும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மையார் வினைக்கு நேரடித் தீனி. அதனாலேயே கல்பி கண்மூடித் திறப்பதற்குள் கருகும், தட்டில் கரிப்பசை பிடிக்கும். முதலில் வெறும் இறைச்சி, அப்புறம் ஊறியது என்ற வரிசை அதனால்தான். நடுவே கடைக்காரர் வந்து தட்டை மாற்றித் தருவார்.

புகைக்கு வருவோம். ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு குழாய் தொங்கும். தலையில் இடிக்கும் அளவுக்குக் கீழே இழுத்துவிடுவார்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. உறிஞ்சும் குழாய்க்கு எல்லாப் பக்கமிருந்தும் காற்று வருவதால், வாயிலிருந்து குழாயின் விட்டம் அளவு தள்ளிப்போனாலே இழுவேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே கிட்டே இருந்தால்தான் பயன். சில கடைகளில் அடுப்பின் விளிம்பிலேயே துளை வைத்துப் புகையைக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். பார்வைக்கு நன்று. ஆனால் மேலே போகத் துடிக்கும் சூடான காற்றோடு மோட்டார் மல்லுக்கட்ட வேண்டும். கரி எரியும் அறையில் கார்பன் மோனாக்சைடும் சேரும் என்பதால் இந்தக் குழாய்கள் வெறும் வசதி அல்ல.

சுட்டதை அப்படியே தின்பதில்லை. கீரையிலோ புதினா குடும்பத்துக் கென்னிப் இலையிலோ வைத்து, சம்ஜாங் தடவி, பூண்டு சேர்த்துச் சுருட்டி ஒரே வாயில் போடுவார்கள். சம்ஜாங்கின் அடிப்படை, புளிக்கவைத்த சோயா விழுது. நுண்ணுயிர்கள் சோயாப் புரதத்தை உடைத்துக் குளுட்டமேட்டை விடுவித்திருக்கும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா கடற்பாசியில் கண்டறிந்த உமாமி, இனிப்பு புளிப்பு போல ஓர் அடிப்படைச் சுவை, இதுதான். இறைச்சியில் இன்னொரு உமாமிப் பொருள் உண்டு, இனோசினேட். இரண்டும் நாக்கின் ஒரே ஏற்பியில் சேர்ந்து அமர்ந்தால் சுவை கூட்டலாக அல்ல, பல மடங்காக ஏறுகிறது.

எல்லாம் முடிந்து எழுந்தால் சட்டையெல்லாம் கறிவாசனை. கொழுப்பின் நுண்துளிகளும் ஆல்டிஹைடுகளும் துணி இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்காகவே சில கடைகளில் இருக்கையின் மூடியைத் திறந்து கோட்டை உள்ளே வைத்துவிடலாம். வாசலருகே துணியில் தெளித்து வாசனை போக்கும் ஃபெப்ரீஸ் புட்டியும் இருக்கும். அதிலுள்ள சைக்ளோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன வளையம். வெளிப்பக்கம் நீரோடு ஒட்டும், உட்குழி நீரை வெறுக்கும். எண்ணெய்த்தன்மையுள்ள மணமூலக்கூறுகள் அந்தக் குழிக்குள் போய் மாட்டிக்கொள்வதால் மூக்குக்கு வருவதில்லை. சட்டைக்குச் சரி. தலைமுடிக்கு வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டியதுதான்.