41-ன் கணக்கு 42-ன் தலையில்

குடியாத்தத்தில் கைலித் தறி நடத்தும் சித்தப்பாவுக்கு முன்பணக் கணக்கு பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். ஆளுக்கு 64 பைட்: பெயர், தறி எண், பாக்கி. சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரத்தில் போன் வந்தது. "என்னப்பா, 41-ஆம் தறிக்காரர் ரெண்டு தடவ வர்றாரு, 42-ஐக் காணோம்?"

தப்பு என்னுடையதுதான். ஒரு கோப்பைத் திறந்ததும் இயங்குதளம் அதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்பதே அந்த எண். எழுதினால் அது நகரும், சரி. படித்தாலும் நகரும் என்பதைத்தான் மறந்துவிட்டேன். 41-ஆம் பதிவு 2560-இல் தொடங்குகிறது. 64 பைட்டையும் படித்து முடித்தபோது எண் 2624-இல், அதாவது 42-ன் வாசலில் நின்றது. பாக்கியைத் திருத்தி அங்கேயே எழுதினேன். 42 அழிந்தது.

எழுதுவதற்கு முன் 64 பைட் பின்னால் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணை நகர்த்தச் சொல்லி இயங்குதளத்தை அழைக்கும் கட்டளைதான் எல்சீக் (lseek). கோப்பின் தொடக்கம், இப்போது நிற்கும் இடம், கடைசி என மூன்றில் எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ணச் சொல்லலாம். அழைத்த உடனே வட்டு ஒன்றும் சுழன்று ஓடாது. எண் மட்டும் மாறும். பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதன் பெயர் வெறும் சீக். அன்றைய பிடிபி-11 கணினியின் 16 பிட் எண்ணுக்கு 65,535-ஐத் தாண்ட வழியில்லை. லாங் எனும் 32 பிட் எண்ணுக்கு மாறியபோது முன்னால் ஓர் 'எல்' ஒட்டிக்கொண்டது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் எல்சீக்தான்.

கோப்பின் கடைசியைத் தாண்டிப் போய் எழுதினாலும் தடுக்க மாட்டான் இந்த எல்சீக். ஐம்பது பேரே இருக்கும் கோப்பில் 500-ஆம் பதிவை எழுதினால் அளவு 32,000 பைட் என்று காட்டும். நடுவில் படித்தால் வெறும் பூஜ்யங்கள்.

தமிழில் இன்னொரு வம்பு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'கு' என்பது க, உகரக் குறி என இரண்டு துண்டு, துண்டுக்கு 3 பைட். 'குடியாத்தம்' ஆறெழுத்து, ஆனால் 33 பைட். நாலாவது பைட்டைத் தாண்டிப் படிக்கத் தொடங்கினால் உகரக் குறியின் நடுவயிற்றில் போய் நிற்போம். திரையில் கேள்விக்குறிதான் வரும். பெயருக்கு நான் ஒதுக்கியிருந்தது 30 பைட். எங்கள் தறிக்காரர்களில் ஒருவர் தட்சிணாமூர்த்தி. அவருக்கு 45 வேண்டும்.