பரம்பரை விழித்திரை நோய்: மாத்திரைக்கு முன் சான்றிதழ்

பொழுதுபட்டதும் ஒழுங்கைக்குள் சைக்கிளை வேலியில் மோதும் பிள்ளைக்கு நம் வீடுகளில் முதல் வைத்தியம் முருங்கைக்கீரையும் மீனெண்ணெயும்தான். உயிர்ச்சத்து ஏ குறைவால் வந்த மாலைக்கண்ணுக்கு அது பொருந்தும். பரம்பரையாக வரும் விழித்திரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்குப் பொருந்தாது. சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்த குடும்பங்களில் இந்த நோயின் சில வகைகளுக்கு வாய்ப்பு அதிகம்.

இதில் மரபணுக் குறைபாட்டால் முதலில் அழிவன மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோற்கலங்கள். விழித்திரைக்கு வரும் ஒட்சிசனில் பெரும்பங்கை எரிப்பவை அவையே. அவை அழிந்த பிறகும் பின்னாலுள்ள குருதிக்குழாய்கள் ஒட்சிசன் அனுப்புவதைக் குறைப்பதில்லை. மிஞ்சும் ஒட்சிசன், குறைபாடு எதுவும் இல்லாத, நல்ல ஒளியில் நுணுக்கமாகப் பார்க்க உதவும் கூம்புக்கலங்களையும் மெல்ல அரிக்கிறது. இதுவே ஒட்சியேற்ற அழுத்தம். வாசிப்பும் முகம் அறிதலும் பின்னாளில் கெடுவதற்கு இது முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது.

இதைக் கேள்விப்பட்டவுடன் மருந்துக்கடைக்கு ஓடி, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் அன்ரிஒக்சிடன்ட் மாத்திரை வாங்குகிறார்கள். பரசிட்டமோல் நஞ்சுக்கு முறிவாகக் கொடுக்கப்படும் என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற அன்ரிஒக்சிடன்ட் பற்றி 2020 இல் வெளியான சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை. அதை உறுதிப்படுத்தவே 2023 இல் பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. அதற்காக வைத்தியரைக் கேளாமல் விழுங்கலாம் என்று ஆகிவிடாது. உயிர்ச்சத்து ஏயை அளவுக்கு மீறி எடுத்தால் ஈரலும் கருவிலுள்ள குழந்தையும் பாதிக்கப்படலாம். ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை நோயில் கண்ணுக்கே கேடு. காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: புகைப்பதை நிறுத்துவது.

என்னைக் கேட்டால், மாத்திரைக்கு அலைவதற்கு முன் எடுக்கவேண்டியது பார்வைக் குறைபாட்டை உறுதிப்படுத்தும் மருத்துவச் சான்றிதழ். யாழ். போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக் உட்பட அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் இந்த நோயாளிகள் பலர் சுவரிலுள்ள எழுத்துகளைக் கடைசி வரிசைவரை வாசித்துவிடுவார்கள். உடனே, "கண் நல்லாய்த்தானே இருக்கிறது" என்ற பேச்சு வரும். குறைவது பக்கப் பார்வை. ஒரு கண்ணை மூடி, நாடியைத் தாங்கியில் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பார்வைப்புலப் பரிசோதனையில்தான் அது பிடிபடும். பார்வைப்புலம், அதாவது நேரே பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்பு, மையத்திலிருந்து 10 பாகைக்குள் சுருங்கினால், எழுத்து வாசிக்க முடிந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது பார்வையின்மையே. ஆகவே சான்றிதழில் புல அளவையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

அதன் பிறகு கிராம அலுவலரையும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப நிலைமை பார்க்கப்படும் என்பதால் நோய் இருப்பது மட்டும் போதாது.

வருமானத்தோடு தொடர்பில்லாத உரிமைகளைத்தான் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்கோ பாடசாலைக்கோ சேர்க்க மறுக்க முடியாது. அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988 இலேயே வந்துவிட்டது. அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை. க.பொ.த. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பாடசாலை அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். விண்ணப்பத்தோடு சேர்த்தே கோருவது நல்லது. பரீட்சைக்கு முதல் வாரம் ஓடித் திரிந்து பயனில்லை.

வாக்களிப்புக்கும் வழி இருக்கிறது. 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, பார்வைக் குறைபாடுள்ள வாக்காளர் தமக்கு நம்பிக்கையான ஒருவரை உதவிக்கு அழைத்துச் செல்லலாம். வேட்பாளரும் கட்சி முகவரும் அந்த உதவியாளராக வர முடியாது. இதற்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பதால் தேர்தலுக்கு முன்பே கிராம அலுவலரிடம் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.